கடைசிக் கையெழுத்தில் போகும் பணம்: வளைகுடா சர்வீஸ் பாக்கியும் அதைக் கேட்டு வாங்கும் வழியும்

என் பெரியப்பா மகன் ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் 9 ஆண்டு வெல்டராக இருந்தார். 2020-ல் கொரோனாவால் வேலை நின்றதும் கம்பெனி அவரையும் கூட இருந்த பலரையும் விசா கேன்சல் செய்து அனுப்பியது. "செட்டில்மெண்ட் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறோம், நீங்கள் ஊருக்குப் போங்கள், அக்கவுண்டில் போட்டுவிடுகிறோம்" என்றார்கள். அரபியில் அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அண்ணன் மீட்பு விமானத்தில் வந்து இறங்கினார். முதல் ஆறு மாதம் போனை எடுத்து "அடுத்த மாதம்" என்றார்கள். அப்புறம் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். வழக்குப் போடலாமா என்று அவர் விசாரிக்கத் தொடங்கியபோது 14 மாதம் ஓடிவிட்டது. அன்றைய அமீரகச் சட்டப்படி, பணம் சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்டிருக்க வேண்டும். வேலை முடியும்போது சேர வேண்டிய சர்வீஸ் பணம் 11,250 திர்ஹம். மகளின் கல்லூரிச் செலவுக்கென்று அவர் மனதில் ஒதுக்கி வைத்திருந்த பணம்.

சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. கணக்கிலும் சிக்கல் இல்லை. வேலை முடிந்த நாளுக்கும் விமானம் ஏறிய நாளுக்கும் நடுவில் இருந்த சில நாள்களில்தான் அந்தப் பணம் கை நழுவியது. திரும்பி வந்தவர்கள் பலரிடம் பேசிப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் இதே கதைதான். ஆகவே சட்டம் என்ன தருகிறது என்பதோடு, அந்தக் கடைசி வாரத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

முதலில் 'சர்வீஸ்' என்ற அந்தச் சொல். ஊரில் அரசு ஊழியர்கள் 'பணிக்கொடை' என்பார்கள். வளைகுடாவில் நம் ஆட்கள் 'சர்வீஸ்' என்றோ 'சர்வீஸ் காசு' என்றோ சொல்வார்கள். அரபிப் பெயரிலும் 'முகாஃபா', அதாவது வெகுமதி என்ற சொல் இருக்கிறது. கொடை, வெகுமதி என்று கேட்கும்போது முதலாளி மனம் குளிர்ந்து கொடுப்பது போலத் தோன்றிவிடுகிறது. அதனால்தான் பலர் அதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். உண்மையில் இது பாக்கி வைத்த சம்பளம். வளைகுடா நாடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஓய்வூதியம் கிடையாது. அதற்கு ஈடாக, உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இத்தனை நாள் சம்பளம் என்று சட்டமே எழுதி வைத்த கடன் இது.

அமீரகத்தில் இப்போது நடப்பில் இருப்பது 2021-ம் ஆண்டின் 33-ம் எண் தொழிலாளர் சட்டம். 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தாலே சர்வீஸ் உண்டு. முதல் ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள். ஓராண்டைத் தாண்டிய பிறகு மீதமிருக்கும் மாதங்களுக்கும் விகிதப்படி கிடைக்கும். மொத்தம் இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. சம்பளமில்லா விடுப்பு நாள்கள் கணக்கில் சேராது.

அண்ணன் கணக்கையே போட்டுப் பார்ப்போம். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 1,500 திர்ஹம்; ஒரு நாளுக்கு 50. முதல் ஐந்தாண்டுக்கு 105 நாள், 5,250 திர்ஹம். அடுத்த நான்காண்டுக்கு 120 நாள், 6,000 திர்ஹம். மொத்தம் 11,250. அவருடைய முழுச் சம்பளம் 2,600. ஆனால் சர்வீஸ் கணக்கு பேசிக்கை வைத்துத்தான் ஓடும். கம்பெனிகள் பேசிக்கைக் குறைத்து, சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்து என்று படிகளை ஏற்றிக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். வேலைக்குச் சேரும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்த்துத் தலையாட்டுகிறோம். பேசிக் என்று போட்டிருக்கும் அந்த ஒரு வரி பத்து ஆண்டு கழித்து என்ன செய்யும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றுவதில்லை.

பழைய 1980-ம் ஆண்டுச் சட்டத்தில், தானாக ராஜினாமா செய்தால் சர்வீஸ் வெட்டுப்படும். ஒப்பந்தத்தின் வகையைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, சில சமயம் ஒன்றுமே இல்லை. புதிய சட்டம் அதை எடுத்துவிட்டது. இப்போது நீங்களே வேலையை விட்டாலும் முழுத் தொகை உண்டு. இது தெரியாமல், "நீதானே ரிசைன் பண்ணினாய்" என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து பாதித் தொகைக்குச் சம்மதித்தவர்கள் உண்டு.

சவுதி கதை வேறு. அங்கே ஐந்தாண்டு வரை ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். கணக்கு ஓடுவது பேசிக்கில் இல்லை; வீட்டுப்படி, போக்குவரத்துப்படி எல்லாம் சேர்ந்த கடைசிச் சம்பளத்தில். 3,200 ரியால் வாங்கியவர் 7 ஆண்டு முடித்தால் 8,000-மும் 6,400-மும் சேர்ந்து 14,400 ரியால். ஆனால் ராஜினாமா செய்தால் வெட்டு இன்னும் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் விட்டால் ஒன்றுமில்லை. ஐந்து ஆண்டு வரை மூன்றில் ஒரு பங்கு, பத்து ஆண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு, பத்து ஆண்டு ஆகிவிட்டால் முழுவதும். அதாவது மேலே சொன்ன அதே மனிதர் தானாக விட்டால் 9,600 தான். பெண் தொழிலாளிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: திருமணமான ஆறு மாதத்துக்குள்ளோ, குழந்தை பிறந்த மூன்று மாதத்துக்குள்ளோ வேலையை விட்டால் வெட்டு இல்லாமல் முழுத் தொகை.

கத்தாரில் ஓராண்டு முடித்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது மூன்று வார பேசிக். குவைத்தில் மாதச் சம்பளக்காரருக்கு முதல் ஐந்தாண்டுக்கு 15 நாள் வீதமும், அப்புறம் ஆண்டுக்கு ஒரு மாதமும். ஓமானில் 2023-ல் வந்த புதிய சட்டம் ஆண்டுக்கு ஒரு மாத பேசிக் என்று உயர்த்தியது. வீட்டு வேலை செய்வோருக்குத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. துபாயின் டி.ஐ.எஃப்.சி., அபுதாபியின் ஏ.டி.ஜி.எம். என்ற இரண்டு நிதி வளாகங்களுக்கும் சொந்தச் சட்டம், சொந்த நீதிமன்றம். ஃப்ரீ ஜோன் எனப்படும் மற்ற சிறப்பு வணிக மண்டலங்களில் பொதுச் சட்டம்தான்.

இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் பணம் ஏன் வருவதில்லை?

முதல் காரணம், பணம் எங்கேயும் இல்லை. மாதச் சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுக்கச் சொல்லி அமீரகம் 2009-லேயே ஏற்பாடு கொண்டுவந்தது. கொடுக்காவிட்டால் அமைச்சகத்துக்குத் தெரிந்துவிடும். சர்வீஸ் பணத்துக்கு அப்படி ஒரு கண்காணிப்பு இல்லை. கம்பெனி கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாக மட்டும் அது இருக்கும்; தனியாக எடுத்து வைத்த காசாக இருக்காது. வியாபாரம் நன்றாக ஓடும்போது ஒருவர் இருவர் போனால் கொடுத்துவிடுவார்கள். வியாபாரம் படுத்து நாற்பது பேரை ஒரே மாதத்தில் அனுப்ப நேரும்போதுதான் எல்லாருக்கும் ஒன்றாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது கையில் காசு இருக்காது. ஆக, தொழிலாளிக்கு இந்தப் பணம் மிகவும் தேவைப்படும் நேரமும் கம்பெனியிடம் அது இல்லாத நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. கம்பெனியில் நடக்கும் பல ஏமாற்றுகளும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. முதலாளி கெட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஏற்பாடே அப்படி.

இரண்டாவது காரணம், தொழிலாளி ஊரில் இருக்கிறார். விசா முடிந்தவரால் தினமும் வாசலில் போய் நிற்க முடியாது. நாள் கடத்தினாலே போதும், ஜெயித்துவிடலாம் என்று கம்பெனிக்குத் தெரியும்.

அந்தக் கடைசி வாரத்துக்கு வருவோம்.

விசா கேன்சல் செய்ய ஒரு தாளில் கையெழுத்து வேண்டும். "எனக்குச் சேர வேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகம் பெரும்பாலும் அதில் இருக்கும். விசா வேலைகளைப் பார்க்கும் கம்பெனி அலுவலர் (பி.ஆர்.ஓ.) அவசரப்படுத்துவார். "இதில் போட்டால்தான் டிக்கெட் போட முடியும்" என்பார். நம் ஆள் ஊருக்குப் போகும் சந்தோஷத்தில், பெட்டி கட்டும் அவசரத்தில், படிக்கத் தெரியாத எழுத்தின் கீழே பெயரை எழுதிக் கொடுத்துவிடுவார். பணம் கணக்கில் ஏறும் வரை இந்தக் கையெழுத்தைப் போடக்கூடாது. அமீரகச் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்து 14 நாளுக்குள் எல்லாப் பாக்கியையும் கொடுத்துவிட வேண்டும். சவுதியில் கம்பெனி நிறுத்தினால் ஒரு வாரம், தொழிலாளி விட்டால் இரண்டு வாரம். அவ்வளவு நாள் காத்திருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

காசோலையாகவோ ரொக்கமாகவோ கொடுக்கிறோம் என்றால் அது கைக்கு வந்த பிறகு கையெழுத்து. வேறு வழியில்லாமல் போட வேண்டியிருந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியோடு, பணம் இன்னும் வரவில்லை என்று உங்கள் கையால் எழுதிவிட்டு, அந்தத் தாளைப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிவையுங்கள். எடுக்க விடமாட்டேன் என்றால் அன்றைக்கே லேபர் அமைச்சகத்தில் புகார் போட வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன் பதிவான ஒரு புகார், ஏறிய பிறகு செய்யும் நூறு போனுக்குச் சமம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் மனம் உடைய வேண்டியதில்லை. சட்டம் கொடுத்த உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது என்று அமீரகச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது எழுதி வாங்கிய விட்டுக்கொடுப்பு செல்லாது என்று சவுதிச் சட்டமும் சொல்கிறது. ஆனால் 'விட்டுக்கொடுத்தேன்' என்பதும் 'பெற்றுக்கொண்டேன்' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதை முறியடிக்க, பணம் வரவே இல்லை என்று காட்ட வேண்டும். அந்த மாதங்களின் வங்கி அறிக்கை அங்கேதான் உதவும்.

கணக்கிலேயே கழித்துக் கொடுப்பது இன்னொரு தந்திரம். விசாச் செலவு இவ்வளவு, வேலைக்கு எடுத்த செலவு இவ்வளவு என்று எழுதிக் கடைசியில் கொஞ்சம் நீட்டுவார்கள். ஆளெடுக்கும் செலவை நேரடியாகவோ சுற்றி வளைத்தோ தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்று அமீரகச் சட்டம் தெளிவாகத் தடுக்கிறது. நீங்கள் கம்பெனியிடம் கடன் வாங்கியிருந்தால் அதைக் கழிக்கலாம். எடுக்காத ஆண்டு விடுப்புக்கான சம்பளம் தனிப் பாக்கி. அது சர்வீஸுக்குள் அடங்கியது என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

வங்கியில் கடன் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடன் வாங்கும்போது கம்பெனி கொடுக்கும் சம்பளக் கடிதத்தில், சர்வீஸ் பணத்தையும் அதே கணக்கில்தான் போடுவோம் என்ற உறுதி பெரும்பாலும் இருக்கும். பணம் ஏறியதும் வங்கி கடனுக்குப் பிடித்துக்கொள்ளும். கம்பெனி கொடுக்கவில்லை என்று நினைத்து அலைந்து, கடைசியில் வங்கி எடுத்துக்கொண்டது தெரிய வந்தவர்கள் இருக்கிறார்கள். கடன் இல்லாதவர்களும் அங்குள்ள வங்கிக் கணக்கை மூடிவிட்டு வராதீர்கள். பின்னால் தீர்ப்பு வந்தால் பணம் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும்.

சரி, ஊருக்கு வந்துவிட்டார், பணம் வரவில்லை. இப்போது என்ன?

முதலில் காலண்டரைப் பாருங்கள். அமீரகத்தில் 2024 ஆகஸ்ட் 31 முதல் அமலான திருத்தம், பாக்கியைக் கேட்டு வழக்குப் போடுவதற்கான கெடுவை வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டாக நீட்டியது. அண்ணனுக்கு அந்தத் திருத்தம் நான்கு ஆண்டு தாமதமாக வந்தது. சவுதியில் 12 மாதம். கத்தாரிலும் குவைத்திலும் ஓராண்டு. கம்பெனி சொல்லும் "அடுத்த மாதம்" எல்லாம் இந்தக் கெடுவுக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று முறை தேதி மாறினால் நான்காவது முறை காத்திருக்காமல் புகார் போட்டுவிடுங்கள். புகார் போட்டால் பேச்சுவார்த்தை கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். அமைச்சகமே முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம்தான் பேசும்.

அமீரகத்தில் மனிதவள அமைச்சகத்தின் செயலி வழியாகவோ இணையத்திலோ போனிலோ புகார் செய்யலாம். 50,000 திர்ஹம் வரையிலான கோரிக்கையை அமைச்சகமே தீர்த்துவைத்து உத்தரவு போடலாம். 2024 முதல் வந்த இந்த மாற்றம் சின்னத் தொகைக்காரர்களுக்குப் பெரிய உதவி. ஏனென்றால் பெரும்பாலான தொழிலாளிகளின் பாக்கி அந்த வரம்புக்குள்தான் வரும். உத்தரவை ஏற்காதவர் 15 வேலை நாளுக்குள் முதல்நிலை நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு மேற்பட்ட தொகை என்றால், சமரசம் ஆகாதபோது கோப்பு நீதிமன்றத்துக்குப் போகும். 1,00,000 திர்ஹம் வரையிலான தொழிலாளர் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சவுதியிலும் முதலில் 21 நாள் சமரசக் கட்டம். ஆகாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம்.

கையில் என்ன இருக்க வேண்டும்? ஒப்பந்த நகல், சம்பளம் ஏறிய வங்கி அறிக்கை, லேபர் கார்டு அல்லது இக்காமா (குடியிருப்பு அட்டை) நகல், சம்பள உயர்வுக் கடிதம், பாஸ்போர்ட்டில் வந்து போன முத்திரைகள். சவுதியில் வேலை செய்தவர்களுக்கு சமூகக் காப்பீட்டு நிறுவனமான கோசியின் பதிவு பெரிய பலம். சேர்ந்த தேதியும் கம்பெனி காட்டிய சம்பளமும் அதில் இருக்கும். "செட்டில்மெண்ட் வரும்" என்று மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள். பாக்கி இருப்பதை அவரே ஒப்புக்கொண்ட எழுத்து அது. போனில் பேசி முடித்த பிறகு, பேசியதை ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடுவது நல்ல பழக்கம்.

அங்கே உங்களுக்காக நிற்க ஒருவர் வேண்டும் என்றால் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையில் மற்ற நாடு ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சவுதி 2022 டிசம்பர் முதல் இருக்கிறது. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். அமீரகம் அதில் இல்லை. நோட்டரி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியில் அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று படிப்படியாகச் சான்று வாங்க வேண்டும். கூடவே அரபி மொழிபெயர்ப்பு. இன்னும் அங்கேயே இருப்பவர்கள், கிளம்பும் முன்பே நம்பிக்கையான ஒருவருக்கு அங்குள்ள நோட்டரியில் பவர் கொடுத்துவிட்டு வந்தால் இந்த அலைச்சலே இல்லை.

இந்தியர்கள் 'மதத்' என்ற வெளியுறவு அமைச்சகத் தளத்தில் குறை பதியலாம். துபாயில் பிரவாசி பாரதீய சகாயதா கேந்திரா இருக்கிறது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம் இருக்கிறது. இலங்கையர்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். தூதரகத்தால் கம்பெனிக்கு உத்தரவு போட முடியாது. கடிதம் எழுதும், பேசும், வழிகாட்டும். அதுவே சில கம்பெனிகளுக்குப் போதும். ஆனால் தூதரகத்தில் எழுதிக் கொடுத்தது அமைச்சகத்தில் புகார் செய்ததாகாது. கெடு அதனால் நிற்காது. இதை இங்கே பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால் இந்தப் பாக்கி வாரிசுகளுக்கு உரியது. துக்கத்தில் இருக்கும் குடும்பம் உடலை ஊருக்குக் கொண்டுவருவதிலேயே நிற்கும். பணத்தைப் பற்றிக் கேட்க யாருக்கும் நா எழாது. உறவினர் ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்து, வாரிசுச் சான்றிதழோடு எழுத்தில் கேட்க வேண்டும். அது தவறே இல்லை.

தீர்ப்பு வந்துவிட்டாலும் பணம் தானாக வராது. கம்பெனி மூடிவிட்டிருக்கலாம், கணக்கு காலியாக இருக்கலாம். அமீரகத்தில் தொழிலாளர் பாதுகாப்புக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். 2018-ல் தொடங்கிய அந்த ஏற்பாடு, கம்பெனி திவாலாகிக் கைவிரித்தால் ஒரு தொழிலாளிக்கு 20,000 திர்ஹம் வரை ஈடு கொடுக்கும். இன்னொரு வழியும் உண்டு. 2020 ஜனவரியில் இந்திய அரசு அமீரக நீதிமன்றங்களின் தீர்ப்புகளை இங்கே நிறைவேற்றலாம் என்று அறிவித்தது. நம் ஊர்க்காரரே முதலாளியாக இருந்து, தீர்ப்பு அவர் பெயரிலும் இருந்து, இங்கே அவருக்குச் சொத்தும் இருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். தீர்ப்பு கம்பெனி பெயரில் மட்டும் இருந்தால் முதலாளியின் சொந்தச் சொத்தைத் தொடுவது கடினம். வழக்குப் போடும்போதே யாரைப் பிரதிவாதியாகச் சேர்ப்பது என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது அதனால்தான் முக்கியம்.

இந்த அலைச்சல் எதுவும் தேவைப்படாத ஏற்பாடு ஒன்று மெல்ல வந்துகொண்டிருக்கிறது. பஹ்ரைனில் 2024 மார்ச் முதல் கம்பெனிகள் சர்வீஸ் பணத்தை மாதாமாதம் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தில் கட்ட வேண்டும்: முதல் மூன்றாண்டுக்குச் சம்பளத்தில் 4.2 சதவீதம், பிறகு 8.4 சதவீதம். வேலை முடிந்தால் தொழிலாளி அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். முதலாளியின் தயவு தேவையில்லை. துபாய் டி.ஐ.எஃப்.சி. 2020-லேயே இப்படி மாறிவிட்டது. அமீரகத்தின் மற்ற இடங்களில் 2023-ல் ஒரு சேமிப்புத் திட்டம் வந்தது. ஐந்தாண்டு வரை பேசிக்கில் 5.83 சதவீதம், அதற்கு மேல் 8.33 சதவீதம். ஆனால் சேர்வதும் சேராததும் கம்பெனியின் விருப்பம். கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அண்ணனின் 1,500 திர்ஹம் பேசிக்குக் கணக்குப் போட்டால், அது முதலில் மாதம் சுமார் 87 திர்ஹம், ஐந்தாண்டுக்குப் பிறகு 125. அந்தச் சின்னத் தொகையைக் கம்பெனி மாதாமாதம் வெளியே கட்டியிருந்தால், 2020-ல் அந்த அரபித் தாளில் அவர் என்ன கையெழுத்துப் போட்டிருந்தாலும் பணம் அவர் பெயரில் இருந்திருக்கும்.